அம்மாவின் வலது தோள்

என் படங்களில் இருக்கும் தப்புகளை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சார். எங்கள் ஓவியக் கல்லூரியின் பழக்கமே அப்படித்தான். மாதக் கடைசியில் எல்லோர் படங்களையும் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். வரைந்தவர்தான் முதலில் தன் குறைகளைச் சொல்ல வேண்டும். அதுவரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. சொல்பவர் படத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். "உன் தப்பு உனக்கு மனப்பாடமா இருக்கணும். திரும்பிப் பாத்துத் தேடினா உனக்கே தெரியலன்னு அர்த்தம்" என்பார் மாஸ்டர்.

வெட்டு மேசையில் என்ன நடந்தது என்றுதானே கேட்டீர்கள். அதற்கு இந்தப் படங்கள் வழியாகத்தான் வர முடியும். நீங்கள் பரப்பி வைத்திருப்பவற்றைப் பார்க்காமலே சொல்கிறேன்.

முதலாவது, நாற்காலி. கரித்துண்டில் போட்டது. பின்கால்கள் தரையில் ஊன்றாமல் மிதந்தன. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, வெறுத்துப்போய் டீ போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. காலடியில் கட்டைவிரலால் இழுத்த ஒரு சின்ன நிழல், அவ்வளவுதான். தங்கை விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "கண்ண உறுத்திச்சுக்கா" என்றாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அடுத்த வருடம் அதே கல்லூரியில் வந்து சேர்ந்தாள். நாற்காலியை மாஸ்டர் பாராட்டினார். அந்த நிழலைத்தான் பாராட்டினார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, பேருந்து நிறுத்தம். கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மூக்கு. நடுவில் நிற்கும் கிழவர் மட்டும் உயிரோடு இருக்கிறார். அவர் யார் கைவேலை என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சின்னவ ஒரு தடவ தொட்டுட்டா போதும், படம் பேசும்" என்றாள். அப்போது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியை மெதுவாக வைத்துவிட்டு எழுந்து போனேன். என்னவென்று யாரும் கேட்கவில்லை. பெரியவளுக்குக் கோபம் வரும் என்ற நினைப்பே எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. எனக்கு வந்தது. நாள் கணக்காக வயிறு எரிந்தது.

மூன்றாவது, அம்மா.

இது மட்டும் எனக்காக நான் வரைந்தது. அம்மா ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் துணி தேய்க்கிறாள். வருடக்கணக்கில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி அவள் வலது தோள் கீழே இறங்கிவிட்டது. வீட்டில் யாரும் அதைக் கவனித்ததில்லை. தங்கைக்கும் தெரியாது. நான்தான் பார்த்தேன். பார்த்ததை வரைந்தேன். கொஞ்சம் கூடுதலாகவே இறக்கிவிட்டேன், எலும்பு கழன்ற மாதிரி. அந்தக் குறையைத் திருத்தவேண்டாம், கூடத்தில் நின்று நானே சொல்வேன் என்று முடிவு செய்தேன். குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று காலை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருந்தது. "நீ மெதுவா வாக்கா. படத்த நான் கொண்டுபோய் மாட்டிடறேன்" என்றாள் தங்கை. நான் கூடத்துக்குள் நுழையும்போதே என் முறை வந்துவிட்டது. ஓடிப்போய்ப் படத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"எங்கம்மாவோட வலது தோள் இறங்கியிருக்கும். வேலையால வந்தது. நான் அத ரொம்ப இறக்கிட்டேன். ஆனா அது நான் தெரிஞ்சே செஞ்ச தப்பு" என்றேன்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தத் தோளும்மா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். இரண்டு தோளும் தராசுத் தட்டு மாதிரி சமமாக இருந்தன. அழகாக இருந்தன. யார் வீட்டு அம்மாவாகவும் இருக்கலாம்.

தங்கை கடைசி வரிசையிலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும், "சரியில்லாம இருந்துச்சுக்கா. எல்லாரும் உன்னத் தப்பா பேசிடக் கூடாதேன்னுதான்" என்றாள். "பரவால்ல விடு" என்றேன். அவள் நிம்மதியாகத் தூங்கப் போனாள். நல்ல பெண், சார். அவள்மேல் எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது வெட்டு மேசை. கண்காட்சிக்குப் படங்களை ஒட்டும் தடித்த அட்டைகளை அதில்தான் வெட்டுவோம். நீளக் கத்தி, ஒரு பக்கம் கைப்பிடி. ஒருவர் அட்டையை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் கத்தியை இறக்க வேண்டும். பிடிப்பவர் கை கத்தியின் பக்கம் போகாமலிருக்க ஒரு தடுப்புக் கம்பி உண்டு. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். அட்டையைப் பிடிக்க வந்த தங்கை, கம்பி எங்கே என்று கேட்டாள். சரிசெய்யக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். நம்பினாள்.

பிறகு அட்டையைக் கொஞ்சம் கோணலாக வைத்தேன்.

அவ்வளவுதான் நான் செய்த ஏற்பாடு. அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. கோணலாக இருக்கும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். முதலில் அவள் கண் அட்டையின் ஓரத்துக்குப் போனது. அப்புறம் என் முகத்துக்கு வந்தது. கோணல் எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று பேசாமல், வலது கையை நீட்டி ஓரத்தை நேராக்கினாள். நாற்காலிக்கு நிழல் போட்டாளே, அதே விரல்களால்.

கை தவறவில்லை. கத்தி வழுக்கவுமில்லை. அவள் கை வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. முழு பலத்தோடு இறக்கினேன்.

அட்டை நேராகத்தான் வெட்டுப்பட்டிருந்தது. அதையும் பார்த்தேன்.

இதையெல்லாம் நான் ஏன் வலிய வந்து சொல்கிறேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மனசாட்சி அது இது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டோடு படுத்திருந்தவள், அம்மாவிடமும் உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடமும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். "அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல. நான்தான் சொல்லாம கொள்ளாம கைய நீட்டிட்டேன்." அம்மா என் தலையைத் தடவி, "நீ மனசப் போட்டு உழப்பிக்காதடி" என்றாள். உங்கள் ஆள் விபத்து என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இதையும் திருத்திவிட்டாள். நான் யோசித்து, ஏற்பாடு செய்து, என் கையால் செய்த ஒரே காரியத்தையும் தொட்டுச் சரிபண்ணிவிட்டாள். அந்தக் கோபத்தில்தான் நேராக இங்கே வந்தேன். அது விபத்து இல்லை. நான் செய்தது. இதில் ஒரு கோடுகூட அவளுடையது இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டபடி, யார் எங்கே நின்றோம் என்று இந்தத் தாளில் வரைந்துவிட்டேன். மேசை சரியாக வந்திருக்கிறது. கத்தியும் சரி. கைப்பிடியருகே நிற்பது நான். குனிந்திருப்பது அவள். அவளுடைய தோள்தான் என்ன செய்தும் உட்கார மாட்டேன் என்கிறது. ரப்பர் போட்டுப் போட்டுத் தாள் நைந்துவிட்டது.

ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே, சார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை தங்கையிடம் காட்டிவிட்டு வரட்டுமா?