அம்மா கேட்ட லேயர்

அன்பால் இந்த அவையை ஆளும் தலைவர் அவர்களே, என் கோடுகளைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்த அலுவலகப் பெரியவர்களே, பிள்ளையை மடியில் தட்டிக்கொண்டே பேச்சுக்கும் காது கொடுக்கும் தாய்மார்களே, கணினித் திரையில் ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டு வாடகை வீட்டில் குடியிருக்கும் என் வரைவாளத் தோழர்களே, தோழியரே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

லேயரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுவருக்கு ஒரு லேயர், கதவுக்கு ஒரு லேயர், குழாய்க்கு ஒரு லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல. ஒரு லேயரைத் தேர்ந்தெடுத்தால் அதில் உள்ளவை மட்டும் நீலப் புள்ளிகளோடு எழுந்து நிற்கும். தோழர்களுக்குத் தெரியும், தாய்மார்களுக்காகச் சொன்னேன்.

எனக்கோ ஒரு கெட்ட பழக்கம். யார் கேட்டார்களோ அவர் பேரில் லேயர் போடுவேன். ஐயா கேட்டது ஐயா லேயர், அம்மா கேட்டது அம்மா லேயர். நம் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இது வரைபடமா, பாகப்பிரிவினையா?" என்றார். சிரிக்கிறார் பாருங்கள், இன்னும் மறக்கவில்லை!

ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரும் அவர் மனைவியும் வீடு கட்ட வந்தார்கள். சின்ன மனை. ஐயாவுக்குப் பட்டறை வேண்டும், பழைய கடிகாரங்களுக்குக் கண்ணாடி அலமாரி வேண்டும். இடம் போதவில்லை.

"அவ கேட்டதையெல்லாம் எடுத்துடும்மா. ஏதோ ஆசைக்குச் சொல்லியிருப்பா" என்றார்.

"எடுத்துடுங்கம்மா, பரவால்ல" என்றார் அந்த அம்மா.

அம்மா லேயரைத் தேர்ந்தெடுத்தேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். "கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன். நீயே படிச்சுடு" என்றார் ஐயா.

படித்தேன். படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரோடு ஒரு கைப்பிடிக் கம்பி. எந்த வாசலிலும் படி கூடாது. சமையல் மேடைக்குக் கூர்முனை கூடாது. பட்டறை மேசையைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு, திருகாணி உருண்டு கீழே விழாமல் இருக்க.

என்ன கேட்டார் அந்தத் தாய்? தனக்கென்று ஒரு மூலை கேட்டாரா? சேலை காயப்போட ஒரு முளை கேட்டாரா?

ஐயா அந்த அம்மா பக்கம் திரும்பினார். "எனக்குக் கண்ணு மங்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆறு மாசமா நான்தானே பேப்பர் படிச்சுக் காட்டறேன். என் குரல் இனிமைக்கா கேட்டீங்க?"

ஐயா சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. மேசைமேல் தடவி அந்த அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"அவ கேட்டது எல்லாம் இருக்கட்டும்மா. என் அலமாரிய எடுத்துடு. அந்த இடத்துல பெருசா ஒரு ஜன்னல் போடு."

"உங்க அலமாரிங்க! எவ்வளவு ஆசையாக் கேட்டீங்க! இனிமே ஜன்னல் எதுக்கு உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? படிக்கப்போறது நீ. வெளிச்சம் உன் மேல விழட்டும்."

கை தட்டுங்கள், எனக்கல்ல, அவருக்கு!

தோழர்களே! தேர்ந்தெடுங்கள், தாராளமாகத் தேர்ந்தெடுங்கள்! ஆனால் அழிக்கும் பொத்தானுக்கு விரல் போகும் முன், தேர்ந்தெடுத்ததை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். யாருக்காக இந்தக் கோடு என்று கேளுங்கள். கோட்டை அழிக்க ஒரு நொடி போதும். அதைக் கேட்ட மனசு இன்னொரு முறை வாய் திறந்து கேட்காது!

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பெரியோருக்கும், தூங்கிய பிள்ளையை எழுப்பாமல் கைதட்டிய தாய்மார்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. ஐயா லேயரில் அம்மாவுக்காக விழுந்த அந்த ஒரே ஜன்னலின் பேரால், உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!