கதவுக்கு இந்தப் பக்கம்

— கஞ்சி அப்பிடியே வாசலில கிடக்கு, யதுஷா. ஆறிப்போச்சு. கதவை நீக்கி எடன், பிள்ளை.

— பசிக்கேல்லை அம்மா. நீங்கள் கதவடியில நிக்காதேங்கோ. குசினிப் பக்கம் போங்கோ.

— நான் கதிரையைப் போட்டுத் தள்ளித்தான் இருக்கிறன். காய்ச்சல் பாத்தனியோ?

— பாத்தனான். இல்லை.

— நாளும் போனில விசாரிக்கிற அந்த அரசாங்க டொக்டர், கன்டோன் டொக்டருக்கும் அப்பிடித்தான் சொன்னனியோ?

— ஓம். அவர் போன் எடுக்கேக்க அப்பிடித்தான் சொன்னனான்.

— குரல் அடைச்சமாதிரிக் கிடக்கு.

— இப்பத்தானே எழும்பினனான். திரும்பவும் கொஞ்சம் படுக்கப் போறன்.

— படுக்காதை. என்னோட கதைச்சுக்கொண்டிரு.

— என்னத்தைக் கதைக்கிறது?

— கொங்கோக் கதையைச் சொல்லு. வந்ததில இருந்து அறைக்குள்ளயே கிடக்கிறாய், ஒண்டும் வடிவாச் சொல்லேல்லை. அந்த வேதக்கார ஆஸ்பத்திரியில விடிஞ்சா என்ன செய்வினம்?

— நீங்கள்தானே அந்தக் கதையே எடுக்காதை எண்டனீங்கள்.

— அது நீ வெளிக்கிடேக்க. இஞ்ச சுவிஸில, பாடன் ஆஸ்பத்திரியில பிள்ளைப்பேறு பாக்கிற வேலையை விட்டிட்டு அங்க என்னத்துக்கு எண்டு கத்தினனான்தான். இப்ப கேக்கிறன். சொல்லன்.

— ம்... விடிய மணி அடிப்பினம். தகரக் கூரை போட்ட சின்னச் சேர்ச். நேர்ஸ்மார், நடக்கக்கூடிய வருத்தக்காரர், அவையின்ர சொந்தக்காரர் எல்லாரும் வந்து மேளம் அடிச்சுப் பாடுவினம்.

— நீயும் பாடினனியோ?

— பாட்டு நல்லா இருக்கும். பயப்பிடாதேங்கோ, நான் வேதத்துக்கு மாறேல்லை.

— அதை இப்ப ஆர் கேட்டது. பிறகு?

— பிறகு வார்ட். ஆஸ்பத்திரி சாப்பாடு குடுக்காது. சொந்தக்காரர் முத்தத்தில அடுப்பு மூட்டிச் சமைப்பினம். அந்தப் புகைக்குள்ளாலதான் வார்டுக்குப் போறது. நான் போய் நிக்க, வாயில வைக்கச் சொல்லி எதாவது கையில தருவினம்... அம்மா, ஹீற்றரைக் கூட்டி விடுறீங்களோ? குளிருது.

— முழுக்கப் போட்டிருக்கு. போர்வையை இழுத்துப் போர்த்து. ஊர் ஊராப் போறனீங்கள் எண்டு படம் அனுப்பினனியெல்லோ, அதைச் சொல்லு.

— கிழமைக்கு ஒருக்காப் போவம். போனிஃபாஸ் எண்டு ஒருத்தர் ஜீப் ஓட்டுவார். ஆறு வந்தா ஜீப்பை விட்டிட்டு வள்ளம். நானும் அங்கத்தை நேர்ஸ் மார்த் சிஸ்டரும் ஊசிமருந்துப் பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு இருப்பம். ஊரில மாமரக் கொப்பில தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையளை நிறுக்கிறது. அதுகள் கத்துற கத்துக்குத் தாய்மார் சிரிப்பினம். ஆனா முதல்ல ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம்.

— ஏன்?

— பயம். எங்கட ஆஸ்பத்திரிக்குப் போறவை சவப்பெட்டியிலதான் திரும்பி வருவினம் எண்டு ஒரு கதை. எல்லாரையும் கடைசி நேரத்திலதானே கொண்டருவினம், பிறகு எப்பிடிப் பிழைக்கிறது...

— யதுஷா. யதுஷா, கேக்குதோ?

— ம். கேக்குது.

— கண்ணை மூடாதை. அந்த மதலேனைப் பற்றிச் சொல்லு.

— அந்தப் பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— நித்திரையில கூப்பிட்டனீ. ஆர் அவ?

— கடைசியாப் போன ஊரில ஒரு பிள்ளைத்தாச்சி. வீட்டுக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தவை. காய்ச்சல், மாசம் நிறைய முதலே நோவும் துடங்கிட்டுது. மலேரியா எண்டுதான் நாங்கள் நினைச்சது. புருசன் விடமாட்டன் எண்டு வாசலில குறுக்க நிண்டான். அவன்ர கையைப் பிடிச்சுச் சொன்னனான், உன்ர மனுசியைத் திருப்பிக் கொண்டந்து விடுவன் எண்டு. மார்த் சிஸ்டர்தான் அதை அவையின்ர பாசையில சொன்னவ. சொல்ல முதல் என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்தவ.

— அப்பிடி வாக்குக் குடுக்கலாமோ, பிள்ளை?

— குடுக்கக்கூடாது. எங்களுக்குப் படிப்பிச்சதே அதுதான். ஆனா மதலேனுக்கு என்ர வயசுகூட இல்லை, அம்மா. இஞ்ச என்னைப் பெறேக்க ஒருத்தரும் உங்கட பாசையில ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, சாகப் போறன் எண்டு நினைச்சனான் எண்டு சொல்லுவீங்களெல்லோ. அவ அப்பிடித்தான் என்னைப் பாத்துக்கொண்டு கிடந்தா.

— கூட்டிக்கொண்டு போனியளோ?

— ஓம். வள்ளத்திலயே பேறு. பிள்ளை உயிரோட பிறக்கேல்லை. இரத்தம் நிக்கேல்லை. வள்ளம் ஆடுது, கையுறை கிழிஞ்சு போச்சு. கையை எடுத்தா அவ செத்துப்போவா. நான் எடுக்கேல்லை.

— கடவுளே.

— ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் அப்பிடியே அமத்திப் பிடிச்சுக்கொண்டுதான் போனது. நான் இஞ்ச வர வெளிக்கிடேக்கயும் உயிரோடதான் இருந்தவ. சூரிக்கில இறங்கிப் போனைப் போட்டன், போனிஃபாஸின்ர செய்தி. ஆள் முடிஞ்சுது, சோதனையில எபோலா எண்டு. அதாலதானே டொக்டருக்கு அறிவிச்சிட்டு இப்பிடி அறைக்குள்ள கிடக்கிறன்.

— அந்தப் புருசன்?

— ஆஸ்பத்திரிக் கேற்றடியிலயே குந்திக்கொண்டு இருக்கிறானாம். ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லையாம். உடம்பைக்கூட அவனிட்டக் குடுக்கேலாது, தொட்டாத் தொத்தும். ஆஸ்பத்திரி ஆக்களே தாட்டுப்போட்டினம்.

— மார்த் சிஸ்டர் சுகமா இருக்கிறாவோ?

— தண்ணி விடாய்க்குது, அம்மா.

— போத்தல் கட்டில் கரையில கிடக்கு. குடி. குடிச்சிட்டுச் சொல்லு. சிஸ்டர் சுகமோ?

— அவவுக்கும் காய்ச்சலாம்.

— உனக்கும்தானே.

— எனக்கு இல்லை எண்டு சொன்னனானெல்லோ.

— என்னட்டப் பொய் சொல்லாதை, பிள்ளை.

— காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரி. ராத்திரித் துடங்கினது. டொக்டருக்குச் சொன்னா உடன வந்து தூக்கிக்கொண்டு போயிடுவினம். கண்ணாடிக்கு அங்கால முகம் தெரியாத ஆக்களோட கிடக்கோணும். எனக்குப் பயமா இருக்கு, அம்மா. வாசலில குறுக்க நிண்ட அந்தப் புருசனில எனக்கு அப்ப கோவம்தான் வந்தது. இப்ப விளங்குது.

— நான் டொக்டருக்குப் போன் எடுத்திட்டன்.

— எப்ப?

— விடியவே. வாகனம் வெளிக்கிட்டிட்டுது எண்டவர். வருமட்டும் கதை குடுத்துக்கொண்டிரு, மறுமொழி வருதோ எண்டு பாத்துக்கொண்டிரு எண்டவர். அதுதான் உன்னைக் கதைக்க வைச்சனான்.

— அப்ப நீங்கள் கீழ போங்கோ. இப்பவே போங்கோ. அம்மா என்னைத் தொடேல்லை, கதவுக்கு இஞ்சால வரவேயில்லை எண்டு நான் அவையளுக்குச் சொல்லுறன். அப்பாவை இன்டர்லாக்கனில இருந்து வரச்சொல்லி எடுங்கோ, கோட்டல் வேலையை விட்டிட்டு வரட்டும். நீங்கள் தனிய இருக்கக்கூடாது. நான் கவனமாத்தான் இருந்தனான், அம்மா. உங்களுக்கு ஒண்டும் வராது.

— கீழ வாகனச் சத்தம் கேக்குது. வந்திட்டினம் போல.

— போங்கோ எண்டெல்லோ சொல்லுறன். ஏன் இன்னும் அதிலயே இருக்கிறியள்?

— எங்க போறது? எனக்கும் சேத்துத்தான் வருகினம். விடியப்புறம் சத்தி எடுத்திட்டு அந்த வாந்திக்குள்ளயே நீ நினைவில்லாமல் நிலத்தில கிடந்தனீ, பிள்ளை. உன்னைத் துடைச்சு, தூக்கிக் கட்டிலில கிடத்தினது ஆரெண்டு நினைக்கிறாய்?