ஜெகதீஷ் தொடாத நாலாம் பாகம்

ஆஸ்டின்: ...அட, வாசல்லயே நின்னா எப்படி? உள்ள வாடா. ஷிப்ட் விட்டாத்தான் கூட்டம், இப்ப யாருமில்ல.

ஜெகதீஷ்: ஒங்கடையே மாறிப்போச்சே ஆஸ்டின். இவ்ளோ பெரிய டிவி...

ஆஸ்டின்: எல்லாம் இந்தச் சண்டை கேமோட நாலாம் பாகம் போடற சோறு. மூணாம் பாகம் வந்தப்ப ஒரு பய தொடல. சண்டை கேமே செத்துப்போச்சுன்னு நானும் பாதிக் கடைய ஜெராக்ஸ் மிஷினுக்கு விட்டுட்டேன்.

ஜெகதீஷ்: நானும் அப்பதான வர்றத விட்டேன்.

ஆஸ்டின்: பத்து வருசம் கழிச்சு அதே ஆளுங்க, அதே குத்து, அதே உதை... படம் மட்டும் புதுசு. இப்ப மூக்கண்டப்பள்ளியே இங்கதான் கெடக்குது. அத்திபெலேல இருந்து பசங்க பஸ் ஏறி வந்து, 'குரு, ஒந்து கேம்'னு கன்னடத்துல ஒரு ஆட்டம் கேட்டு நிக்கறானுங்க.

ஜெகதீஷ்: கேள்விப்பட்டேன்.

ஆஸ்டின்: கேள்விப்பட்டும் வரலியே... சரி, உக்காரு. ஒரு ஆட்டம்.

ஜெகதீஷ்: இல்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு...

ஆஸ்டின்: ரெண்டாம் பாகத்துல இந்தக் கடைல ஒன்ன அடிச்சவன் உண்டா? தோத்தவன் எழுந்திரிக்கணும்னு சட்டம். நீ எழுந்திரிச்சு நான் பாத்ததே இல்ல.

ஜெகதீஷ்: அது அப்ப.

ஆஸ்டின்: இப்ப உத்தனப்பள்ளி தீர்த்தகிரிதான் ராஜா. 'ஜெகதீஷா, என்னப் பாத்து பயந்து ஒளிஞ்சிட்டான்'னு வர்றவன் போறவங்கிட்ட எல்லாம் சொல்றான். இன்னிக்கும் வருவான்.

ஜெகதீஷ்: சொல்லிட்டுப் போறான் விடு.

ஆஸ்டின்: எனக்குப் பொறுக்கலடா... இந்தா, டீ.

ஜெகதீஷ்: அங்கியே வையி. ஆறட்டும்.

ஆஸ்டின்: வந்ததுல இருந்து ஒரு கைய பாக்கெட்லயே விட்டுக்கிட்டு நிக்கற. குளுருதா?

ஜெகதீஷ்: ம்... காத்தடிக்குது இல்ல.

ஆஸ்டின்: ஓசூர்க்காரனுக்குக் குளுராம்... ஒரே ஒரு ஆட்டம்டா. எனக்காக.

ஜெகதீஷ்: ஆடற ஆசையே போயிருச்சு ஆஸ்டின்.

ஆஸ்டின்: பொய் சொல்லாத. கொஞ்ச நாளா எதிர்ல பங்க் கடைல நின்னுக்கிட்டு இங்கியே பாக்கறியே... அது ஆசை போனவன் செய்யற வேலையா?

ஜெகதீஷ்: பாத்துட்டியா...

ஆஸ்டின்: எம்மேல ஏதாச்சும் கோவமா?

ஜெகதீஷ்: ச்சே, ஒம்மேல என்ன கோவம்... எங்க கம்பெனில தகடு அமுக்கற பிரஸ் மிஷின்ல ரெண்டு பட்டன் இருக்கும் ஆஸ்டின். ரெண்டு கையிலயும் ஒண்ணா அமுக்குனாத்தான் மேல இருக்கற டை, அந்த இரும்பு அச்சு, எறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னு அப்படி.

ஆஸ்டின்: ம்...

ஜெகதீஷ்: எனக்கு அது ஆமை வேகமா தெரிஞ்சுது. இங்க பட்டன்ல ரப்பர் பேண்ட் சுத்துவமே, தானா குத்திக்கிட்டே இருக்கட்டும்னு... அங்கயும் ஒரு பட்டன சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டிட்டேன். ஒத்தக் கையில ஓட்டுனேன். லைன்லயே நாந்தான் வேகம். பெருமையா இருந்துச்சுடா...

ஆஸ்டின்: சொல்லு.

ஜெகதீஷ்: இந்தா, நீயே பாத்துக்க. வலது கைல ஆள்காட்டி வெரல், நடு வெரல்... ரெண்டும் அடியோட போச்சு. கேம்ல பெரிய குத்து, பெரிய உதை ரெண்டுக்கும் பட்டன் வலது பக்கம். எதை வெச்சு அமுக்கறது? பயந்து ஒளிஞ்சிட்டான்னே தீர்த்தகிரி நெனச்சுக்கட்டும். இந்தக் கையப் பாத்து அவன் பாவம்னு விட்டுக்குடுத்தா... அத என்னால தாங்க முடியாது.

ஆஸ்டின்: எனக்குத் தெரியும்டா. ஒன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு நர்ஸ் டூட்டில இருந்தது எந்தங்கச்சி டெல்சி, நீதான் மயக்கத்துல கெடந்த. நீயா சொல்லட்டும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். பெரிய குத்தையும் பெரிய உதையையும் செட்டிங்ல எடது கைக்கு மாத்திட்டு, எனக்கும் அதே ரெண்டு வெரல மடக்கி பிளாஸ்டர் சுத்திக்கிட்டு தெனமும் தீர்த்தகிரியோட ஆடிப் பாத்தேன். என்னான்னு கேட்டான், சூடு பட்டுச்சுன்னுட்டேன். ஆயுசுக்கும் ஒங்கிட்ட அடி வாங்குனவன் நான்... நேத்து அவன அடிச்சுட்டேன்டா.