‘லாஸ்ட்’ வைத்து இரண்டு வாக்கியங்கள்

வியாழக்கிழமை காலை 9.40. ஆரணியிலிருந்து பெரணமல்லூர் செல்லும் பேருந்து. ஒரே பட்டுக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இங்கிலீஷ் கிளாஸ் வீட்டுப்பாடத்தால எங்க அக்கா திரும்பக் கிடைச்சிச்சு” என்றாள் இளையவள்.

“இன்னாடி சொல்ற?”

“‘லாஸ்ட்’ வெச்சு வாக்கியம் எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடச் சொன்னாங்க மிஸ். ‘ஐ லாஸ்ட் டச் வித் மை சிஸ்டர். ஐ லாஸ்ட் ஹர் நம்பர்’னு போட்டேன். அக்காவோட பேச்சு விட்டுப்போச்சு, அது நம்பரும் தொலைஞ்சி போச்சுன்னு அர்த்தம்.”

“ஆறு வருஷமா பேசாம இருந்தியே, அந்த அக்காவா?”

“அதேதான். அஞ்சே நிமிஷத்துல போன் பண்ணிச்சு. ‘நம்பர் தொலைஞ்சி போச்சுன்னு ஏன்டி பொய் எழுதற? ரெண்டு பேர் போன்லயும் நம்பர் இருந்தாதான ஸ்டேட்டஸ் தெரியும்’னு கேட்டுச்சு.”

“மாட்டிகினியா. நீ இன்னா சொன்ன?”

“‘அப்ப நீயும் என் நம்பர வெச்சுகினுதான இருந்த’ன்னேன்.”

“அப்புறம்?”

“‘இன்னிக்கு மத்தியானம் சாப்பிட வா’ன்னு சொல்லிச்சு.”

அக்காவின் ஊர் வர இன்னும் இரண்டு நிறுத்தங்கள் இருந்தன. இளையவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.