நாடாவுக்கு அடியில் ஒளிந்த காய்ச்சல்

ஸ்ரீரங்கத்திலிருந்து வெயிலில் பஸ் ஏறி வந்து தலைமை ஏற்றிருக்கும் ஐயா ராமானுஜம் அவர்களே, அவை நிறைந்த வையம்பட்டிப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது கலங்கும் தாய்மார்களே, தென்னூர் டாக்டர் சித்ராதேவியின் பணிவான வணக்கம்!

சென்ற மழைக்காலத்தில், மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இவ்வூர் மலர்க்கொடியைக் காய்ச்சல் பிடித்தது. பெயரைச் சொல்லியே பேசச் சொன்னவரும் அவர்தான். டெங்கு என்றார் கொழுந்தனார். இல்லை என்றது பரிசோதனை. மலேரியா என்றார் நாத்தனார், அதுவும் இல்லை. டைபாய்டு என்றது வாட்ஸ்அப். அதற்கும் மாத்திரை தின்றாயிற்று. காய்ச்சலுக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. வீட்டில் டாக்டர்களுக்குக் குறைவில்லை!

என்னிடம் வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நோய் நுரையீரலைத் தொட்டிருந்தது. இன்னும் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

"உடம்புல எங்கயாவது புண்ணு இருக்காம்மா?" என்றேன்.

பதில் சொன்னது யார்? கணவர் தங்கையன்! "ஒண்ணும் இல்லைங்க டாக்டரம்மா. நான்தான் கூடவே இருக்கேனே!"

சிரிக்கிறீர்களே ஐயா, உங்கள் வீட்டில் மட்டும் யார் பதில் சொல்கிறார்களாம்?

அவரை டீ குடிக்க அனுப்பினேன். நர்ஸை அழைத்துத் திரையை இழுத்தேன். பாவாடை நாடா இறுகும் இடுப்பில், சிகரெட்டால் சுட்டதைப் போலக் கறுத்த பொருக்கு. அதன்மேல் மஞ்சள் பூச்சு வேறு!

"நாடா உரசுன புண்ணுங்க. வலிக்கல, அரிக்கல. இதப் போயி எப்படிங்க காட்டுறது?"

அம்மா தாயே! நாடாவின்மேல் ஏன் வீண்பழி? அது புதரிலிருக்கும் பொடிப்பூச்சி கடித்த இடம். வந்திருப்பது உண்ணிக் காய்ச்சல்! ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அப்போதே மருந்தைத் தொடங்கினோம். காய்ச்சல் தணிந்தது, மூச்சு சீரானது.

தலைவர் ஐயா, நிம்மதியாகச் சாய்ந்து உட்காராதீர்கள். உங்கள் ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக்கரையிலும் புதர் உண்டு. பூச்சி ஊர் பார்த்துக் கடிப்பதில்லை!

வீடு திரும்பும்போது மலர்க்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெக்கப்பட்டே செத்திருப்பேன் டாக்டரம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காரணம் தெரியாத காய்ச்சலா? அக்குளைப் பாருங்கள், இடுப்பைப் பாருங்கள், துணி மறைக்கும் இடமெல்லாம் பாருங்கள்! பொருக்கு இல்லாமலும் இந்நோய் வரும்; ஆகவே உண்ணிக் காய்ச்சலுக்கும் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். என்னைப் போன்ற டாக்டர்களே, ரிப்போர்ட்டைப் பார்த்தது போதும், ஆளைப் பாருங்கள்! தாய்மார்களே, மறைக்க நகை இருக்கிறது, கைச்செலவுக் காசு இருக்கிறது. நோயை மட்டும் மறைக்காதீர்கள். உங்கள் வெட்கத்தைவிட உங்கள் உயிர் பெரிது, பெரிது, பெரிது!

கேலியைப் பொறுத்துக்கொண்ட நல்ல நெஞ்சங்களுக்கு நன்றி. காய்ச்சல் அண்டாத மழைக்காலம் உங்களுக்கு வாய்க்கட்டும். வணக்கம்!