இரண்டு முறை கழுவிய முகம்

எண்ணெய் வடியும் முகத்தை எண்ணெய் போட்டே கழுவலாமா என்று பலர் என்னிடம் கேட்பார்கள். கழுவலாம். கொரியாக்காரர்கள் முகத்தை இரண்டு முறை கழுவுகிறார்கள். முதலில் எண்ணெய், அப்புறம் நுரை. எனக்குச் சரியான எண்ணெயைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் ஆனது. ஒன்றில் வாசனை தூக்கல். இன்னொன்று கழுவிய பிறகும் பிசுபிசுத்தது. கடைசியாக வாங்கியது தண்ணீர் பட்டதும் பாலாக வெளுத்து, அழுக்கோடு ஓடிவிடும். கண்ணில் பட்டாலும் எரியாது.

நீங்கள் இதைக் கேட்கவில்லை என்று தெரியும், ஐயா. இங்கிருந்து சொன்னால்தான் மற்றது புரியும்.

தாயில்பட்டிப் பக்கம் என் மாமனார் சண்முகவேலுக்குப் பட்டாசுக் கம்பெனி. வேலைக்கு வரும் பெண்களை நான்தான் கவனித்துக்கொண்டேன். வானத்தில் போய் விரியும் பேன்சி ரகம் செய்ய எங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனால் சீசன் ஆர்டர் அதற்குத்தான் வந்தது. அதனால் பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டு, நான்கு பெண்களை வைத்து வெடிமருந்து கலந்தோம். அதில் சேர்க்கும் அலுமினியப் பவுடர் முகத்தில் வெள்ளியாகப் படிந்தால் சோப்புக்குப் போகாது.

அந்த நால்வரில் ஒருத்தி இசைவாணி. இருபத்து மூன்று வயது. ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

“அக்கா, பஸ்சுல எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாக. நீங்க என்னக்கா போடுறீக?” என்று கேட்டாள்.

அவளை உட்கார வைத்து நானே கழுவிவிட்டேன். அவ்வளவு வெள்ளியும் போய், மாநிறமான நல்ல முகம் வெளியே வந்தது. கண்ணாடியைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தாள். அதன்பிறகு ஆய்வுக்கு ஆள் வருவதாகத் தகவல் வரும்போதெல்லாம் நால்வர் முகத்தையும் கழுவி, பெட்டி ஒட்டும் அறையில் உட்கார வைத்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. கொட்டகை வெடித்தது. மூன்று பேர் ஓடிவிட்டார்கள். பக்கத்துச் சுவர் இசைவாணி மேல் விழுந்தது. கல்லை நீக்கி அவளை வேப்பமரத்தடியில் கிடத்திவிட்டு, மாமனார் என்னைத் தவிர எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்.

“மூஞ்சியப் பாரு தாயி, வெள்ளியா மின்னுது. இவ உள்ள மருந்து கலந்தான்னு இது ஒண்ணே காட்டிக் குடுத்துரும்” என்றார்.

கொட்டகை பூட்டிக் கிடந்தது, வெயிலில் மருந்துக் கழிவு தானாக வெடித்தது, அந்தப் பக்கம் பாத்ரூம் போன பெட்டி ஒட்டும் பெண் மேல் சுவர் விழுந்தது என்று சொல்ல முடிவானது. தீயணைப்பு வண்டி வர இருபது நிமிடம் ஆகும். நான் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.

எண்ணெய் போடும்போது முகம் காய்ந்திருக்க வேண்டும். அவள் நெற்றி வியர்த்துக்கொண்டே இருந்தது. துண்டால் ஒற்றினேன். நெற்றி, மூக்கோரம், காதுமடல் என்று மெதுவாகத் தேய்த்தேன். இமையில் விரல் பட்டபோது கண்ணைத் திறந்தாள்.

“அக்கா, மூச்சு விட முடியலக்கா. என்னையக் கொண்டு போங்கக்கா.”

“இந்தா, முடிஞ்சிருச்சு. கண்ண மூடிக்கோ” என்றேன்.

சொன்னபடி மூடிக்கொண்டாள். தண்ணீர் தெளித்து எண்ணெயை எடுத்தேன். பிறகு நுரை போட்டேன். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் சுத்தம் செய்தேன். சட்டையையும் மாற்றிவிட்டேன். அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

வெடித்த உடனே அவள் இறந்துவிட்டாள் என்று நேற்று நான் சொன்னது பொய். நுரையைக் கழுவும்வரை மூச்சு இருந்தது. கார் பத்தடி தூரத்தில் நின்றது, சாவி என்னிடம் இருந்தது. உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். கடைசிவரை அவளைத் தனியே விடாமல் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான்.