பதினொரு விநாடி முந்திய கணினி

பெயரும் விலாசமும் தனித்தாளில் உள்ளன. வயது முப்பத்து நான்கு. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகக் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். யாரும் என்னை அனுப்பவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

எங்கள் உருளை இயந்திரத்தின் கதவு திறக்கும் நேரத்தை ஒரு கணினியும், இயந்திரத்தை ஓட்டும் நேரத்தைக் கட்டுப்பாட்டு அறைக் கணினியும் பதிவு செய்கின்றன. கதவு திறந்திருந்தாலும் இயந்திரம் ஓடும். பதிவு மட்டுமே உண்டு. இரண்டு கணினிகளுக்கும் நேரம் கொடுப்பது ஒரே தலைமைக் கடிகாரம். விபத்துக்கு நாற்பத்து மூன்று நாள் முன்பு மேலாளர் அறைக்குப் புது பிரிண்டர் வந்தது. அதைச் செருக இணைப்புப் பெட்டியில் காலி இடம் இல்லாததால், கதவுக் கணினிக்கு நேரம் கொண்டுவரும் வயரை நான்தான் பிடுங்கினேன். இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்று நினைத்து, அடியோடு மறந்தேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, சிக்கிய அட்டையை எடுக்கும்போது இயந்திரம் ஓட்டுபவரின் வலது கை உருளையில் நசுங்கியது. எதையும் ஆற அமரச் செய்பவர் என்பதால் அவரை 'அவசரம்' என்று கேலியாகக் கூப்பிடுவோம். அதன் பிறகு இரண்டு பதிவுகளையும் பார்த்த மேலாளர், இயந்திரம் ஓடத் தொடங்கி ஐந்து விநாடி கழித்தே கதவு திறந்தது, ஆகவே தவறு அவருடையது என்று எழுதி, வேலைநீக்கத்துக்குப் பரிந்துரைத்தார்.

அதன் பிறகு நான் இரண்டு கணினிகளையும் தலைமைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். கட்டுப்பாட்டு அறையில் நேரம் சரி. கதவுக் கணினி பதினொரு விநாடி முந்தி ஓடியது. அப்படியானால் கதவு திறந்து ஆறு விநாடி கழித்துத்தான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வேறு யாரோ இயந்திரத்தை ஓட்டியிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. மேலாளரிடம் சொன்னேன்.

"வயரைச் செருகிடும்மா, நேரம் தானா சரியாயிடும். உன் தப்பும் வெளிய வராது" என்றார்.

"கை போனவர்கிட்ட நான் என்ன சார் சொல்றது?" என்றேன்.

அதன் பிறகு மருத்துவமனைக்குச் சென்றேன். ஓட்டுபவரின் மனைவி, "நின்னப்பதான் திறந்தேன்னு தூக்கத்துலகூடச் சொல்றாருக்கா. நானே நம்பல" என்று அழுதார். நான் வயர் பிடுங்கியதைச் சொன்னேன். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வயரைச் செருகினால் அந்தப் பதினொரு விநாடி இருந்த தடமே இருக்காது. அதனால் செருகாமல், கதவுக் கணினி இருக்கும் அறையைப் பூட்டிவிட்டு நேராக இங்கு வந்தேன். என்மீதும் வழக்கு வரலாம் என்று தாங்கள் எச்சரித்தீர்கள். வரட்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அறைச் சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன். தாங்கள் நேரில் வந்து பார்க்கும்வரை அந்தக் கணினி தப்பு நேரத்திலேயே ஓட வேண்டும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் தப்பு உட்பட அனைத்தும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(கையொப்பம்)